சுக்குவுக்குச் சொன்ன மருந்து

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? புது அறையில் வெளிச்சம் வருகிறதா, வீட்டுக்காரம்மா குளியலறை விளக்குக்காக இன்னும் சண்டை போடுகிறாளா என்றெல்லாம் எழுது.

போனில் பேசினால் பின்னால் அப்பா இருமுவது கேட்கிறது, இனிமேல் எதுவாக இருந்தாலும் கடிதம் போடு என்று சொல்லிவிட்டாய். பஸ் டெப்போவில் நாள் முழுக்க டயர் கழற்றி மாட்டுகிறவனிடம் போய்க் கடிதம் கேட்கிறாய். பிழை இருந்தால் திட்டாமல் படி.

விஷயம் சுக்குவைப் பற்றியது. நீ விட்டுப் போனதிலிருந்து நன்றாகத்தான் இருந்தது. இந்தக் குளிரில் தோல் காய்ந்து, முதுகில் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்கிறது. நாய்க்குச் சுக்கு என்று நீ பேர் வைத்த நேரம், பேருக்கு ஏற்ற மாதிரியே ஆகிவிட்டது. சொறிந்து சொறிந்து வாலுக்கு மேலே முடி போய்விட்டது. கால்நடை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உண்ணி இல்லை, பூச்சி இல்லை, வெறும் வறட்சிதான் என்று ஒரு களிம்பு கொடுத்தார். தடவினேன், நக்கித் தின்றுவிட்டது. நாய்களைக் குளிப்பாட்டும் கடையில் வேலை செய்கிறவள் நீ, உனக்குத் தெரியாததா. வீட்டிலேயே செய்கிற மாதிரி ஏதாவது சொல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் அரிப்பு. சிறுநீரகம் ஓய்ந்துகொண்டு வருகிறது, அதனால் வரும் அரிப்பு என்கிறார் டாக்டர். மாத்திரைக்கு அடங்கவில்லை. பார்வையும் சுத்தமாகப் போய்விட்டது. அவர் கட்டில்மேல் சொறிய, சுக்கு கட்டிலுக்கு அடியில் சொறிய, இரண்டு பேருக்கும் போட்டி நடக்கிறது. அவர் என்னை எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்கிறேன். அவருக்கும் ஏதாவது சொல்லேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி

*

ஜனவரி 19

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு, டீயிலேயே காலத்தை ஓட்டாதே. அறையில் வெளிச்சம் வருகிறது. வீட்டுக்காரம்மாவும் வருகிறாள், அவளை என்ன செய்ய.

சுக்குவைப் பற்றிப் படித்ததும் எனக்கு வேலையே ஓடவில்லை. முதலில் சோப்பை நிறுத்து. வாரத்துக்கு இரண்டு தடவை சோப்பைப் போட்டு டயரைத் தேய்க்கிற மாதிரி தேய்த்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. இருந்த எண்ணெய்ப் பசையும் அதில்தான் போயிருக்கும்.

ஓட்ஸ் வாங்கு, இனிப்பு கலக்காதது. மிக்சியில் மாவாக அரைத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் கலக்கினால் பால் மாதிரி வரும். சூடு அதிகம் கூடாது. உன் உள்ளங்கையை நம்பாதே, அது மரத்துப்போனது. மணிக்கட்டின் உள்பக்கம் ஊற்றிப் பார். அதை மெதுவாக அவன் மேல் ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுப் பிறகு நல்ல தண்ணீரில் அலசு. துவட்டும்போது தேய்க்காதே, துண்டை வைத்து ஒற்றி ஒற்றி எடு.

செய்யும்போது அவனிடம் பேசிக்கொண்டே இரு. எதைப் பேசினாலும் சரி, டெப்போ கதையைப் பேசு. குரல் கேட்டுக்கொண்டிருந்தால் பயம் தெரியாது. முக்கியமாக, அவன் சொறியும்போது அதட்டாதே. அரிப்பு வந்தது அவன் குற்றம் இல்லை. சொறியாதே என்று சொல்கிறவர்கள் ஒருவருக்கும் அரித்திருக்காது.

அவன் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. அடுத்த கடிதத்தில் எல்லாம் விவரமாக எழுது.

அக்கா

*

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுக்குவும் நலம்.

ஓட்ஸ் தண்ணீர் நன்றாக வேலை செய்கிறது. முதல் நாள் வாளியோடு என்னையும் சேர்த்துக் கவிழ்த்தது. இப்போது வாளியைப் பார்த்தாலே தானாக வந்து நிற்கிறது. செதில் குறைந்திருக்கிறது. வாலுக்கு மேலே மட்டும் இன்னும் மொட்டையாக இருக்கிறது.

நீ அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மறந்திருக்க மாட்டாய், அதனால் திரும்பக் கேட்கவும் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் பக்கத்தில் இருந்து பார்க்கிறவன் நான். முழங்கையிலும் முதுகிலும் தோல் வெடித்து ரத்தம் கசிகிறது. நான் வேலைக்குப் போகும்போது எதிர்வீட்டுத் தையற்காரர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். பேப்பரை உரக்கப் படித்துக் காட்டுகிறார், தபால் வந்தால் வாங்கி வைக்கிறார். நல்ல மனிதர். விளம்பரத்தைக்கூட விடாமல் படிப்பார்.

ரிட்டயராகி இத்தனை வருஷமாகியும் டிரில் மாஸ்டர் விசில் மட்டும் அப்பா கழுத்தை விட்டு இறங்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு ஊது, என்னைக் கூப்பிட இரண்டு ஊது. எதை ஊதினாலும் முதலில் ஓடுவது சுக்குதான்.

உன் கடிதத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டு, "யாரு லெட்டரு?" என்றார். அக்காவுடையது என்றேன். "நல்லாயிருக்காளா?" என்றார். அவ்வளவுதான். ஆனால் கேட்டார், அக்கா. முன்பெல்லாம் கேட்டதே இல்லை.

அடுத்து என்ன செய்யலாம் என்று எழுது.

தம்பி

*

பிப்ரவரி 21

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலமும் சுக்கு நலமும் அறிந்து சந்தோஷம்.

விசிலைப் பற்றி நீ வேடிக்கையாக எழுதியிருக்கிறாய். நீ அப்போது தொட்டில் பிள்ளை, உனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் ஒரே ஒரு தடவை எழுதுகிறேன்.

எனக்கு எட்டு ஒன்பது வயதில் முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்னாலும் இதே மாதிரிதான் காய்ந்து அரிக்கும். நான் சொறிந்தால் அவர் விசில் ஊதுவார். சாப்பிடும்போது, படிக்கும்போது, வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது, எப்போதானாலும். ஊதினால் நான் கையை இறக்கி நேராக நிற்க வேண்டும். படுக்கப்போகும்போது அவருடைய வெள்ளைக் காலுறைகளை என் இரண்டு கையிலும் மாட்டி, ஷூ லேசால் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டுவார். வந்தவர்கள் என்ன இது என்று கேட்டால், "சொறிநாய் வளக்கிறேன் சார்" என்று சொல்லிச் சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். அம்மா அவருக்குத் தெரியாமல் சமையலறைக் கதவுக்குப் பின்னால் என்னை நிறுத்தித் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள். அம்மா போன பிறகு அதுவும் இல்லை.

இப்போது நாய் கழுவிப் பிழைக்கிறேன் என்று அவர் ஊரெல்லாம் சொன்னதும் என் காதுக்கு வந்தது. ஆமாம், கழுவுகிறேன். என்னிடம் வரும் நாய் எதையும் நான் சொறிநாய் என்று சொன்னதில்லை. இனி அவரைப் பற்றி என்னை எழுதச் சொல்லாதே.

சுக்குவுக்கு இனிமேல் தேங்காய் எண்ணெய். நிறைய வேண்டாம், சில சொட்டுப் போதும். இரண்டு உள்ளங்கையிலும் விட்டுத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வெடித்த இடத்தில் மெதுவாக ஒற்று. நக்கப் பார்ப்பான், அது ஊறும்வரை பக்கத்தில் உட்கார்ந்து காதுக்குப் பின்னால் தடவிக்கொடு. அவசரப்பட்டு எழுந்து போகாதே. அவன் படுக்கும் இடத்தில் ஈரத்துண்டு ஒன்றைக் காயப்போட்டு வை, காற்று வறண்டு போகாது. பழைய மெத்தென்ற துணியாகப் போட்டுப் படுக்க வை. அவனுக்கு நான் ஞாபகமாக இருக்கிறேன் என்று சொல்.

அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதங்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உன் சின்ன வயதுப் பகுதியைப் படிக்கவில்லை. மருந்து எழுதிய பகுதியை மட்டும் படித்தேன். சுக்கு என்று வந்த இடத்தில் அப்பா என்று போட்டேன், அவன் என்று வந்த இடத்தில் அவர் என்று போட்டேன். முதல் கடிதத்தை அப்போதே இப்படிப் படித்துவிட்டேன், உன்னிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை.

ஓட்ஸ் தண்ணீரை அவருக்கும் செய்தேன். மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துத்தான் ஊற்றினேன். ஒற்றி ஒற்றித் துவட்டினேன். எண்ணெயை உள்ளங்கையில் சூடாக்கித் தடவினேன், ஊறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்தேன். டெப்போ கதையெல்லாம் சொன்னேன். என் கை உப்புத்தாள் மாதிரி இருக்கிறது என்று முதலில் சலித்துக்கொண்டார். அப்புறம் பழகிவிட்டது. டாக்டரே புண்ணெல்லாம் ஆறிவருகிறது என்கிறார். அரிப்பு முழுக்கப் போகாது, ஆனால் தூங்குகிறார்.

"அரிப்பு வந்தது அவர் குற்றம் இல்லை" என்று நான் படித்ததும், "அப்டியா எழுதியிருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திரும்பப் படிக்கச் சொன்னார். தையற்காரர் வந்ததும் அவரிடம், "எம் பொண்ணு எழுதியிருக்கா, கேளுங்க" என்று என்னை அவருக்கும் படிக்கவைத்தார். இப்போது தெருவில் யார் வந்தாலும் இதே பேச்சுதான். எண்ணெய் தடவ நேரமானால், "அக்கா என்ன எழுதியிருக்கா, நீ என்ன பண்ற" என்று என்னை விரட்டுகிறார்.

போன வாரம் தானாகவே சொன்னார். "சின்னதுல அவளுக்கும் இப்டித்தான் இருந்துச்சு. நான் விசில் ஊதுவேன்." அப்புறம் கழுத்து விசிலைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஊதியிருக்கக் கூடாதுடா. அவள வரச் சொல்றியா? நேர்ல சொல்லணும்" என்றார். அந்த மனிதர் வாயில் இப்படி ஒரு பேச்சு வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

டாக்டர் நாள் குறிக்கவில்லை. இந்த வருஷம் தாண்டாது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஒரு நடை வந்துவிட்டுப் போ, அக்கா. முடியாவிட்டால் அவர் பேர் போட்டு ஒரே ஒரு வரி எழுது. அது போதும்.

சுக்குவுக்கு வாலுக்கு மேலே முடி முளைக்கிறது.

தம்பி

*

ஏப்ரல் 1

அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. இதைப் படிக்கும் தையற்காரருக்கு வணக்கம். தயவுசெய்து ஒரு வார்த்தையும் மாற்றாமல், விடாமல் படியுங்கள். என் தம்பி மாற்றிப் படிக்கிறவன். அதனால்தான் அவன் வேலையில் இருக்கும் நேரம் பார்த்து வந்து சேரும்படி உங்கள் பெயரைப் போட்டு அனுப்புகிறேன்.

அப்பா, நீங்கள் நலமா என்று நான் கேட்கவில்லை. எப்போதும் கேட்டதில்லை. தம்பி படித்துக் காட்டிய கடிதங்கள் உங்களுக்கு எழுதியவை அல்ல. ஓட்ஸ் தண்ணீர் சுக்குவுக்கு. தேங்காய் எண்ணெய் சுக்குவுக்கு. பேசிக்கொண்டே இரு, எழுந்து போகாதே, பழைய மெத்தென்ற துணியில் படுக்க வை என்று எழுதியதெல்லாம் நாய்க்கு எழுதியது. அரிப்பு வந்தது அவன் குற்றம் இல்லை என்று எழுதியதும் நாய்க்குத்தான். அந்தக் கடிதங்களில் உங்களுக்கு மருந்து என்று ஒரு வரிகூட இல்லை. நாய்க்கு வைத்ததை இத்தனை நாள் நீங்கள் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு என்று எனக்கு ஒரு வைத்தியம் தெரியும். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். இரண்டு கையிலும் காலுறையை மாட்டி, ஷூ லேசால் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். கழுத்தில் இருக்கும் விசிலைத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் சொறியும்போதெல்லாம் அவன் ஊதட்டும். வீட்டுக்கு யாராவது வந்து என்ன இது என்று கேட்டால், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேரில் ஏதோ சொல்ல வேண்டும் என்றீர்களாம். எனக்கு வேலை இருக்கிறது. நிறைய நாய்கள் காத்திருக்கின்றன.

உங்கள் சொறிநாய்

*

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கவில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய்.

நான் ஷிப்டு முடிந்து வந்தபோது தையற்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "தம்பி, மாத்தாம படிங்கன்னு எழுதியிருந்துச்சு. பாதியில நிறுத்தலாம்னு பாத்தேன், உங்கப்பா விடல. 'படிங்க'ன்னாரு. முடிச்சதும் இன்னொரு தடவ படிக்கச் சொன்னாரு" என்றார். கடிதத்தை என் கையில் திணித்தார். இனி பேப்பர் படிக்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். விசிலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "இந்தா, நான் சொறிஞ்சா ஊது" என்றார். நான் வாங்கவில்லை. கட்டில் விளிம்பில் வைத்துவிட்டார். வாளியைக் கொண்டுவந்தேன். "அது நாய்க்குடா. நாய்க்கு வெச்சத எடுக்காத" என்று காலால் தள்ளினார். அறை முழுக்கத் தண்ணீர். எண்ணெயும் வேண்டாம் என்றார். படுத்திருந்த பழைய துணியைத் தானே தடவி எடுத்துக் கீழே போட்டார், சுக்கு அதில் படுத்துக்கொண்டது.

அப்புறம் பெட்டியைத் திறக்கச் சொல்லி வெள்ளைக் காலுறையை எடுக்கவைத்தார். "லேச இறுக்கிக் கட்டு" என்றார். மாட்டேன் என்றேன். கட்டும்வரை சாப்பிடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஒரு நாள் பார்த்தேன், மறுநாள் கட்டிவிட்டேன்.

உனக்கு அவர் செய்தது கொடுமைதான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் மன்னிப்புக் கேட்கத்தான் உன்னைக் கூப்பிட்டார், அது தெரிந்துதானே எழுதினாய். உன்னிடம் வாய்விட்டுச் சொன்னது என் முட்டாள்தனம். நீ ஜெயித்துவிட்டாய்.

தம்பி

*

மே 4

தம்பிக்கு,

நான் நலம்.

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்து எழுதியிருக்கிறாய். வருத்தம் இல்லை. காலுறைக்குள் கை எப்படி வேர்க்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியட்டும். ஒரு நாள் விசில் ஊதியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? உனக்கு அவர் அப்பா. எனக்கு அவர் விசில் சத்தம்.

கோடை வந்துவிட்டது. சுக்குவுக்கு ஓட்ஸ் தண்ணீரை நிறுத்திவிடாதே. வாரம் ஒரு தடவை போதும். முடியைத் தினமும் மெதுவாகச் சீவிவிடு. ஈரத்துண்டு போட மறக்காதே. அவனைப் பற்றி மட்டுமாவது எழுது.

நீ தனியாக எல்லாவற்றையும் பார்ப்பது தெரியும். உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கோபம் ஆறியதும் எழுது.

அக்கா

*

ஜூன் 12

அக்காவுக்கு,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நான் விசில் ஊதினேன்.

இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். தையற்காரரும் வருவதில்லை, துணி மாற்றுவதும் கழுவுவதும் எல்லாம் நான்தான். சாப்பிட உட்கார்ந்தேன். அவர் காலுறை போட்ட கையைக் கட்டில் சட்டத்தில் வைத்துத் தேய்க்கிறார், தேய்த்துக்கொண்டே இருக்கிறார். "அப்பா, போதும்" என்றேன். நிறுத்தவில்லை. விசில் கட்டில் விளிம்பிலேயே கிடந்தது. எடுத்து ஊதினேன்.

சட்டென்று கையை எடுத்துவிட்டார். இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நேராகப் படுத்தார். சுக்கு எங்கிருந்தோ ஓடிவந்து என் காலடியில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் அசையவில்லை. அந்த நேரம் வீடு அமைதியாக இருந்தது, அக்கா. எனக்கு அது பிடித்திருந்தது. உன்னிடம் அவர் ஏன் ஊதிக்கொண்டே இருந்தார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறமும் ஊதினேன். எத்தனை தடவை என்று கேட்காதே.

காலுறைக்குள் புண் சீழ் பிடித்துவிட்டது. டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். கட்டைப் பிரித்தால் அவரே பல்லால் இழுத்து மாட்டிக்கொள்கிறார். சாப்பாடு குறைந்துவிட்டது. பேச்சும் குறைந்துவிட்டது. உன் பேரை எடுப்பதே இல்லை.

நீ கேட்டாயே என்று எழுதுகிறேன், சுக்கு நன்றாக இருக்கிறது.

தம்பி

*

ஜூலை 1

அன்புத் தம்பிக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? அப்பா எப்படி இருக்கிறார்?

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் திண்டாடினேன். கடையில் ஒரு கிழ நாயைக் குளிப்பாட்டும்போது, நான் கையை எடுத்தால் திரும்ப வைக்கச் சொல்லி அது மூக்கால் இடித்தது. அதற்கு மேல் என்னால் வேலை செய்ய முடியவில்லை. ஊதியது நீ என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, தம்பி. என் கையில் இருந்ததை உன் கையில் கொடுத்துவிட்டேன். நீ அந்த வீட்டில் ஒருவருக்கும் கெடுதல் நினைக்காதவன்.

நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் எழுதுகிறேன். நீ மாற்றிப் படிக்க வேண்டியதில்லை, நானே பேர் போட்டு எழுதியிருக்கிறேன். தையற்காரரிடம் கொடுக்காதே. நீயே அவர் காதோரம் உட்கார்ந்து படி.

அப்பாவின் கையில் இருக்கும் காலுறையைக் கழற்றிவிடு. அக்கா கழற்றச் சொன்னாள் என்று சொல், கேட்பார். அப்பாவின் நகத்தை வெட்டு. சீழ் பிடித்த இடத்தில் எண்ணெய் படக்கூடாது, அதற்கு டாக்டர் சொன்னதை மட்டும் செய். மற்ற இடத்துக்கெல்லாம் பழையபடி ஓட்ஸ் தண்ணீர் ஊற்று, மணிக்கட்டில் சூடு பார்த்து. அப்பாவைத் துவட்டும்போது தேய்க்காதே, ஒற்றி எடு. எண்ணெயை உள்ளங்கையில் சூடாக்கித் தடவு. ஊறும்வரை எழுந்து போகாதே. அப்பாவிடம் பேசிக்கொண்டே இரு. அப்பா சொறிந்தால் அதட்டாதே. அரிப்பு வந்தது அப்பாவின் குற்றம் இல்லை.

லீவு கேட்டிருக்கிறேன். மாசக் கடைசியில் வருகிறேன். அவர் சொல்ல நினைத்ததைச் சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை பார்த்துக்கொள். விசிலை எங்காவது தூக்கி எறிந்துவிடு.

உன் அக்கா

*

ஜூலை 16

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. அது வருவதற்கு முந்தின வாரமே அப்பா போய்விட்டார். உனக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை என்று எழுதலாம். அது பொய். போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். சொல்ல வேண்டாம் என்று தோன்றியது, சொல்லவில்லை. எல்லாக் காரியமும் முடிந்துவிட்டது. தையற்காரர் என் கூடவே நின்றார்.

கடைசியில் காலுறையைக் கழற்றினேன். அப்போது அவருக்கு நினைவில்லை, அதனால் தடுக்கவில்லை. உள்ளே கை ஊறி வெளுத்துப்போயிருந்தது. ஓட்ஸ் தண்ணீர் வைத்துக் கழுவினேன். மணிக்கட்டில் சூடு பார்த்தேன், பார்த்து என்ன ஆகப்போகிறது, ஆனாலும் பார்த்தேன். விசிலைத் தூக்கி எறியவில்லை. அவர் கழுத்திலேயே போட்டு அனுப்பிவிட்டேன். வேண்டுமென்று தேடி வருகிறவர்கள் யாருக்கும் இனி கிடைக்காது.

மாசக் கடைசியில் வருவதானால் வா. வீடு பூட்டியிருக்காது. கட்டிலில் இப்போது சுக்குதான் படுக்கிறது, அதைக் கீழே இறக்கிவிடாதே.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லியிருந்தாய். நீ கஷ்டப்பட்டு எழுதியதை வீணாக்க மனம் வரவில்லை. நீ சொன்ன மாதிரியே தையற்காரரிடம் கொடுக்கவில்லை. நானே கட்டிலில் உட்கார்ந்து, காதோரம் குனிந்து, சுக்குவுக்குப் படித்தேன். அப்பா என்று வந்த இடத்திலெல்லாம் சுக்கு என்று போட்டேன். எனக்குத்தான் மாற்றிப் படித்துப் பழக்கமாயிற்றே.

கடைசி வரி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. தோலெல்லாம் நன்றாக ஆறிவிட்டது, அக்கா. நடுவில் ஒரு தடவைகூடச் சொறியவில்லை.

தம்பி